காலேஜ் ஹாக்கி ரீஜனல்களை எந்த ஊரில், எந்த அரங்கில் வைப்பது?

பனிக்காட்டான் (மினியாபொலிஸ்)

மார்ச் முடிந்து இத்தனை நாளாகியும் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். தெரியாதவர்களுக்கு: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் ஆண்கள் தேசியப் போட்டியில் 16 அணிகள் மார்ச் கடைசியில் நாலு ஊர்களில், ஊருக்கு நாலு அணியாக ஆடும், அதைத்தான் ரீஜனல் என்கிறோம். ஒவ்வொரு ரீஜனலிலும் ஜெயிக்கும் அணி ஃப்ரோசன் ஃபோர் என்ற கடைசி நாலுக்குப் போகும். 2025 ஃபார்கோ ரீஜனலுக்கு நானும் என் மகளும் மூன்றரை மணி நேரம் காரில் போனோம். மினசோட்டா முதல் ஆட்டத்திலேயே மாசசூசெட்ஸிடம் ஓவர்டைமில் 5-4 என்று தோற்றது. தோற்றதில் எனக்குப் புகார் இல்லை, நல்ல ஆட்டம். என் வருத்தம் அதற்கடுத்த ஆட்டத்தைப் பற்றியது. ஃப்ரோசன் ஃபோருக்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டம், ஒரு பக்கம் வெஸ்டர்ன் மிஷிகன், இன்னொரு பக்கம் அதே மாசசூசெட்ஸ். எங்கள் வரிசையில் முதல் நாள் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேரை அன்று காணவில்லை. வெஸ்டர்ன் மிஷிகனின் ஊரான காலாமசூவிலிருந்து ஃபார்கோவுக்குக் காரில் வர ஒரு முழுப் பகல் பிடிக்கும், மாசசூசெட்ஸின் ஊரான ஆம்ஹர்ஸ்டிலிருந்து என்றால் விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. போட்டியை நடத்திய நார்த் டகோட்டாவோ அந்த வருடம் தகுதியே பெறவில்லை. அப்படியிருக்க யார் வந்து கத்துவார்கள்? அந்த வெஸ்டர்ன் மிஷிகன்தான் பிறகு செயின்ட் லூயிஸில் பாஸ்டன் யூனிவர்சிட்டியை 6-2 என்று அடித்துத் தன் முதல் தேசியப் பட்டத்தை எடுத்தது. அவர்கள் அந்த ரீஜனலின் முதல் சீட், அதாவது அங்கே தரவரிசையில் முதல் அணி. வருடம் முழுக்க ஜெயித்ததற்கு அவர்களுக்குக் கிடைத்தது ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு ஊர்.

அதே வாரம் ஆலன்டவுனில் நடந்தது நேரெதிர். மெய்ன் முதல் சீட், பென் ஸ்டேட் நாலாவது சீட். ஆனால் அந்த ரீஜனலை நடத்துவது பென் ஸ்டேட் என்பதால், தகுதி பெற்றால் அவர்கள் அங்கேதான் ஆட வேண்டும் என்பது விதி. ஓரோனோவிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் வந்த மெய்ன், மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் பென் ஸ்டேட்டின் ரசிகர்கள் நடுவில் ஆடி 5-1 என்று தோற்றது. அப்புறம் பென் ஸ்டேட் கனெக்டிகட்டையும் ஓவர்டைமில் 3-2 என்று வென்று முதல் முறையாக ஃப்ரோசன் ஃபோருக்குப் போனது. அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் முதல் சீட் என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம் மிச்சமிருந்தது?

என் கருத்து நேரடியானது. முதல் சுற்றையாவது மேல் சீட் பெற்ற அணியின் சொந்த அரங்கில் வைக்க வேண்டும். பெண்கள் ஹாக்கியில் அப்படித்தான் நடக்கிறது, 11 அணிகள், முதல் நான்கு சீட்டுகள் தங்கள் வளாகத்திலேயே நடத்துகின்றன. காலேஜ் பேஸ்பாலில் 16 அணிகள் சொந்த மைதானத்தில் ரீஜனல் நடத்துகின்றன, அங்கே கூட்டம் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆண்கள் ஹாக்கி மட்டும் ஏன் இப்படி?

வூஸ்டர்_வாணி

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் நான் முழுக்க எதிர்ப்பக்கம். நான் இருப்பது வூஸ்டர் பக்கத்தில். டிசியூ சென்டரில் ரீஜனல் வரும்போதெல்லாம் போகிறேன். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யூனிவர்சிட்டி, நார்த்ஈஸ்டர்ன், ஹார்வர்ட், லோவல், மெரிமாக், பிராவிடன்ஸ், கனெக்டிகட் என்று யார் வந்தாலும் ஆளுக்கு ஆள் வந்து சேர்ந்துவிடுவார்கள். கிழக்கில் இந்த முறை வேலை செய்கிறது. மேற்கில் வேலை செய்யவில்லை என்றால் மேற்கில் ஊரை மாற்றுங்கள், முறையை ஏன் மாற்ற வேண்டும்?

முக்கியமான விஷயம் இன்னொன்று. எங்கள் ஊர்ச் சின்னக் கல்லூரியான ஹோலி கிராஸ் 2006இல் மினசோட்டாவை ஓவர்டைமில் 4-3 என்று வீழ்த்தியது. உங்களுக்கு அது கெட்ட கனவு என்று தெரியும், மன்னிக்கவும். ஆனால் அந்த ஆட்டம் மினியாபொலிஸில், மரியூச்சி அரங்கில், உங்கள் பத்தாயிரம் பேர் நடுவில் நடந்திருந்தால் முடிவு அப்படியே இருந்திருக்குமா? 2018இல் ஏர் ஃபோர்ஸ் சூ ஃபால்ஸில் செயின்ட் கிளவுட் ஸ்டேட்டை 4-1 என்று அடித்தது. மறு வருடமே ஃபார்கோவில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் அதே செயின்ட் கிளவுட்டை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு வருடமும் செயின்ட் கிளவுட்தான் நாட்டிலேயே முதலிடம். சின்னக் கல்லூரிகளுக்கு வருடத்தில் ஒரு தடவை பொது அரங்கில் கிடைக்கும் சம வாய்ப்பு இது. அதையும் பிடுங்கி, பணக்காரக் கல்லூரியின் அரங்கில் போய் ஆடு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பனிக்காட்டான்

வாணி, 2006 ஆட்டம் எங்கே நடந்தது என்பதை நீங்கள் சொல்லவில்லை. அது கிராண்ட் ஃபோர்க்ஸில், ரால்ஃப் எங்கெல்ஸ்டாட் அரங்கில் நடந்தது. நார்த் டகோட்டாவின் சொந்த ரிங்க், பதினோராயிரத்துக்கு மேல் இருக்கைகள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் நார்த் டகோட்டா ரசிகர்கள், அவர்களுக்கு எங்கள் மேல் இருக்கும் பகை ஊரறிந்தது, அன்று முழுக்க ஹோலி கிராஸுக்காகத்தான் கத்தினார்கள். அதைப் பொது இடம் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் பொது அரங்குக்கு உதாரணமாகக் காட்டும் மிகப் பெரிய ஆட்டமே ஒரு கல்லூரி வளாகத்தில், நிரம்பிய கூட்டத்தில் நடந்ததுதான். மறு ஆட்டத்தில் அதே கூட்டத்தின் முன்னால் நார்த் டகோட்டா ஹோலி கிராஸை 5-2 என்று முடித்துவிட்டது. அந்த இரண்டு நாளும் இன்றுவரை எல்லோருக்கும் நினைவிருப்பதற்கு அந்தக் கூட்டம்தான் காரணம்.

வூஸ்டர்_வாணி

அதை ஒப்புக்கொள்கிறேன். பொது அரங்கு என்று சொன்னது தவறு. ஆனால் அன்று மினசோட்டாவுக்கு அது சொந்த அரங்கு இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அது மாறவில்லை.

மீனா_கே

நான் இந்த விளையாட்டுக்குப் புதிது, கணவர் கிளார்க்சனில் படித்தவர், அவரால்தான் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு அடிப்படைக் கேள்வி. இந்த ஊர்களை யார், எப்போது தேர்ந்தெடுக்கிறார்கள்? கிளார்க்சன் விளையாடினால் எங்கே போக வேண்டும் என்று எங்களுக்குக் கடைசி நிமிடம் வரை தெரிவதே இல்லை.

பழைய_ரிங்க் (ஆன் ஆர்பர்)

மீனாம்மா, நான் சொல்கிறேன். ஒரு கல்லூரியோ கான்பரன்ஸோ (கல்லூரிகள் சேர்ந்த லீக்) ஒரு அரங்கத்தோடு சேர்ந்து, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவுக்கு விண்ணப்பம் போடும். அரங்கம் மார்ச் கடைசி வாரம் காலியாக இருக்க வேண்டும், நாலு அணிக்கும் உடை மாற்றும் அறை, பயிற்சி நேரம், ஹோட்டல் அறைகள், தொலைக்காட்சி வண்டிகள் நிற்க இடம், இதெல்லாம் வேண்டும். குறைந்தது இவ்வளவு வருமானம் தருவோம் என்று உறுதியும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து கமிட்டி பல வருடங்களுக்குச் சேர்த்து ஒரே தடவையில் முடிவு செய்துவிடும். 2026க்கு வூஸ்டர், ஆல்பனி, சூ ஃபால்ஸ், லவ்லேண்ட் என்பது 2020 அக்டோபரிலேயே அறிவிக்கப்பட்டது. இப்போது அந்த அணிகளில் ஆடும் பையன்களில் பலர் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

எந்த அணி எங்கே என்பது மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். வியாழன் அல்லது வெள்ளி ஆட்டம். நடுவில் நாலு நாள். அதற்குள் விடுப்பு கேட்டு, விமானம் பிடித்து, ஹோட்டல் எடுத்து எத்தனை பேரால் போக முடியும்? கூட்டம் வராததற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். இடம் ஆறு வருடம் முன்னால், அணி நாலு நாள் முன்னால். இரண்டும் பொருந்தி வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் காலி நாற்காலி.

இதற்குச் சிறந்த உதாரணம் சின்சினாட்டி. 2014, 2016, 2017 என்று நாலு வருடத்துக்குள் மூன்று தடவை அங்கே ரீஜனல் வைத்தார்கள். ஏறத்தாழ 14,000 பேர் உட்காரும் அரங்கம். பக்கத்தில் இருக்கும் ஒரே பெரிய ஹாக்கிக் கல்லூரி மயாமி, ஒஹாயோவில் இருக்கும் மயாமி, மணிக்கணக்கில் இல்லை, ஒரு மணி நேரத் தொலைவு. விண்ணப்பம் போட்ட காலத்தில் மயாமி வருடந்தோறும் தகுதி பெறும் அணி. இந்த மூன்று வருடத்திலும் அவர்கள் தகுதி பெறவில்லை! நார்த் டகோட்டாவும் மிஷிகனும் டென்வரும் ஆடினார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு யாரையும் தெரியாது. அந்த ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு வருடம் கழித்து யார் ஜெயிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த முறையின் கோளாறு இது.

பள்ளத்தாக்கு_முரளி (ஆலன்டவுன்)

பனிக்காட்டான் எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். பிபிஎல் சென்டர் 2014இல் திறந்தது. அதற்கு முன் இந்த நகரின் நடுப்பகுதி எப்படி இருந்தது என்று இங்கே நீண்ட நாள் வாழ்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஏஹெச்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணியான ஃபாண்டம்ஸ் இங்கே ஆடுகிறது, ஹாக்கி பார்க்கத் தெரிந்த குடும்பங்கள் நிறைய உண்டு. 2018, 2019, 2022, 2023, 2025 என்று ரீஜனல் இங்கே வந்திருக்கிறது, எங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் ஸ்கேட் கட்டப் பழகினார்கள். காலேஜ் ஹாக்கியே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில் புது ரசிகர்களை உண்டாக்கியது இந்த முறைதான். எல்லா ஆட்டத்தையும் வளாகத்துக்குள் கொண்டுபோய்விட்டால் ஏற்கெனவே ரசிகர்களாக இருப்பவர்கள் மட்டுமே பார்ப்பார்கள்.

பென் ஸ்டேட் விஷயம். விண்ணப்பம் போடுவது அவர்கள், உழைப்பது அவர்கள், நஷ்டம் வந்தால் தலையில் விழுவதும் அவர்கள். தகுதி பெற்றால் இங்கே ஆடலாம் என்ற அந்த ஒரு உறுதியும் இல்லையென்றால் எந்தக் கல்லூரி முன்வரும்? மெய்னுக்கு அன்று கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நெருக்கமான மான்செஸ்டர் அந்த வருடம் பாஸ்டன் காலேஜுக்குப் போனது, அவர்கள்தான் நாட்டிலேயே முதலிடம். யாராவது ஒருவர் தூரம் போகத்தான் வேண்டும். 2023இல் பென் ஸ்டேட் இங்கே மிஷிகன் டெக்கை 8-0 என்று அடித்துவிட்டு மிஷிகனிடம் ஓவர்டைமில் 2-1 என்று தோற்றது. உள்ளூர்க் கூட்டம் இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்று இல்லை.

டென்வர்_தாமரை

முரளி சார், நீங்கள் சொல்வது ஒரு பாதி சரி. இன்னொரு பாதியை எங்கள் ஊரிலிருந்து சொல்கிறேன். 2022இல் லவ்லேண்டில் டென்வர் ஆடியது. நான் அப்போது மாணவி. லோவலை 3-2, மினசோட்டா டுலூத்தை 2-1 என்று வென்று, அப்புறம் பாஸ்டனில் பட்டத்தையும் எடுத்தோம். வாழ்க்கையில் மறக்க முடியாத வாரம். ஆனால் யோசித்துப் பாருங்கள், லவ்லேண்ட் அரங்கில் ஐயாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். எங்கள் வளாகத்தில் இருக்கும் மேக்னஸ் அரங்கில் சுமார் ஆறாயிரம். வளாகத்தில் வைத்தால் டென்வருக்குச் சாதகம் என்று சொல்லி, அதைவிடச் சின்ன அரங்கில், எண்பது கிலோமீட்டர் தள்ளி, டென்வர் ரசிகர்களே நிறைந்த கூட்டத்தின் முன் வைக்கிறார்கள். சாதகம் அப்படியே இருக்கிறது. போகாமல் போனது மாணவர்கள் மட்டும்தான், ஏனென்றால் கார் இல்லாத மாணவர்களால் அங்கே போக முடியாது. என் அறைத்தோழிகள் நாலு பேர் சீசன் முழுக்க ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவர்கள், அந்த இரண்டு ஆட்டத்தையும் விடுதியில் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தார்கள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

2024இல் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் மேரிலண்ட் ஹைட்ஸில் நடந்ததும் இதேதான். நடத்தியது லிண்டன்வுட். அரங்கில் சுமார் 2,500 இருக்கை. வந்த அணிகள் யார்? மிஷிகன் ஸ்டேட், மிஷிகன், நார்த் டகோட்டா, வெஸ்டர்ன் மிஷிகன். இந்த நாட்டிலேயே அதிகம் பயணிக்கும் ரசிகர் கூட்டங்களில் சில, எல்லாம் ஒரே இடத்தில். டிக்கெட் கிடைக்காமல் எத்தனை பேர் திண்டாடினார்கள்! ஒரு வருடம் காலி நாற்காலி, இன்னொரு வருடம் நாற்காலியே இல்லை.

பழைய_ரிங்க்

தாமரை, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் வளாகத்தில் வைப்பதன் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தை நேரில் பார்த்தவன் நான், அதுவும் லாபம் அடைந்த பக்கத்திலிருந்து.

1998இல் மேற்கு ரீஜனல் இங்கே, மிஷிகனின் சொந்த அரங்கான யோஸ்டில் நடந்தது. யோஸ்ட் 1923இல் கட்டிய கட்டடம். கூரை தாழ்வு, செங்கல் சுவர், மாணவர்கள் எதிரணி கோலியின் பின்னால் நின்றுகொண்டு மூன்று பீரியடும் விடாமல் கத்துவார்கள், சத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். நடப்புச் சாம்பியனான நார்த் டகோட்டா வந்தது. மிஷிகன் 4-3 என்று ஜெயித்தது, அந்த வருடம் பட்டமும் எங்களுக்கு. 2002இல் மறுபடி இங்கே. மேற்கின் முதல் சீட் டென்வர். கடைசிப் பீரியடில் அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுத்தில் சொல்வேன்! 5-3, டென்வர் வீட்டுக்குப் போனது. 2003இல் மறுபடியும் இங்கே, இந்தத் தடவை கொலராடோ காலேஜ், அதே 5-3. மூன்று தடவையும் நான் தொண்டை கட்டிப் போய்த்தான் வீடு திரும்பினேன். என் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான இரவுகள் சில அவை, ஆனால் நியாயமாகச் சொன்னால் டென்வருக்கு 2002இல் இழைக்கப்பட்டது அநியாயம். மேல் சீட் அணி கீழ் சீட் அணியின் வீட்டுக்குப் போய் ஆடியது. அதன் பிறகுதான் வளாக அரங்குகள் மேல் எதிர்ப்பு வலுத்தது, கமிட்டியும் மெல்ல அவற்றிலிருந்து விலகியது.

2008 மேடிசனை நினைத்துப் பாருங்கள். விஸ்கான்சின் அந்த வருடம் ஜெயித்ததைவிடத் தோற்றது ஒன்று அதிகம், 15 வெற்றி, 16 தோல்வி. அப்படியும் எப்படியோ கணக்கில் உள்ளே வந்துவிட்டது. கோல் சென்டரில் ரீஜனல் நடத்துவது அவர்கள் என்பதால் சொந்த ரிங்கில் ஆடினார்கள், டென்வரை 6-2 என்று அடித்தார்கள். பாவம், மறுபடியும் டென்வர்தான். அடுத்த ஆட்டத்தில் நார்த் டகோட்டாவிடம் ஓவர்டைமில் தோற்றார்கள், இல்லையென்றால் ஜெயித்ததைவிட அதிகம் தோற்று உள்ளே வந்த அணி ஃப்ரோசன் ஃபோரில் நின்றிருக்கும்.

ஆக வளாகம் நல்லதா கெட்டதா என்று கேட்பதே தவறான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. யாருடைய வளாகம் என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே முடிவு செய்த வளாகம் என்றால் அது ஏலத்தில் எடுத்த சாதகம். சீசன் முடிந்த பிறகு சீட் பார்த்துக் கொடுத்த வளாகம் என்றால் அது உழைத்துச் சம்பாதித்த சாதகம்.

பனிக்காட்டான்

இதைத்தான் ஐயா நான் சொல்ல வந்தேன், உங்கள் அளவுக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

வூஸ்டர்_வாணி

பழைய ரிங்க் ஐயா சொன்னதைப் படித்தபின் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். "உழைத்துச் சம்பாதித்த" என்பதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சீட் எப்படி முடிவாகிறது? இத்தனை வருடம் பேர்வைஸ் என்ற கணக்கு, 2025-26 முதல் என்பிஐ என்ற புதுக் கணக்கு. எதுவானாலும் மற்ற கான்பரன்ஸ் அணிகளோடு அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆடும் ஆட்டங்கள்தான் பெரும்பங்கு முடிவு செய்கின்றன. அந்த ஆட்டங்கள் எங்கே நடக்கின்றன? பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளைப் பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைக்கின்றன. திரும்பிப் போய் ஆடுவது அபூர்வம். சொந்த ரிங்கில் ஆடிச் சேர்த்த எண்ணை வைத்து மறுபடி சொந்த ரிங்க் கேட்பது எப்படி? அட்லாண்டிக் ஹாக்கி மாதிரி சின்னக் கான்பரன்ஸிலிருந்து வரும் அணி இந்த முறையில் ஒருபோதும் வீட்டில் ஆடாது. 2025இல் அந்தக் கான்பரன்ஸின் பென்ட்லி முதல் முறையாகத் தகுதி பெற்று, மான்செஸ்டரில் பாஸ்டன் காலேஜோடு 3-1 வரை கொண்டுபோனது. அந்த அணிக்காக மான்செஸ்டர் வந்த பெற்றோர்களை நான் பார்த்தேன். பாஸ்டன் காலேஜின் அரங்கில் அவர்களுக்கு எத்தனை டிக்கெட் ஒதுக்கியிருப்பார்கள்?

டென்வர்_தாமரை

வாணி அக்கா, அது நியாயமான கேள்வி, விதியில் எழுதிவிடலாம். வரும் அணிக்கு இவ்வளவு இருக்கை, அவர்கள் பேண்டு வாத்தியக் குழுவுக்கு இவ்வளவு இடம் என்று. இப்போதும் அது சரியாக நடப்பதில்லையே. பெயர் வேண்டாம், ஒரு பொது அரங்கில் நான் போன ரீஜனலில், அணியோடு வந்த மாணவர் பேண்டைக் கண்ணுக்கெட்டாத மூலையில், மேல் தளத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கீழே நல்ல இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலி. பிள்ளைகள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம்_வரிசை (கிராண்ட் ஃபோர்க்ஸ்)

எங்கள் ஊர்ப் பெயர் இவ்வளவு அடிபடுவதால் வந்தேன். நான் நார்த் டகோட்டா ரசிகன். ஃபார்கோ எங்களுக்கு 130 கிலோமீட்டர். எங்களுக்குச் சாதகம் என்று எல்லோரும் சொல்வது உண்மை. ஆனால் மேற்கில் ஹாக்கிக் கல்லூரிகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பாருங்கள். கிழக்கில் ஒரு வட்டம் போட்டால் இருபது கல்லூரி உள்ளே வரும். இங்கே டென்வரிலிருந்து கிராண்ட் ஃபோர்க்ஸுக்கு ஒரு முழு நாள் காரில். யார் நடுவில் ஊர் கட்டுவது? செயின்ட் பாலில் எக்செல் அரங்கில் வைத்தார்கள், 18,000 இருக்கை, என்ஹெச்எல் என்ற பெரிய தொழில்முறை லீக்கின் அணிக்கு வீடு. மினசோட்டா வராத வருடம் அங்கே எதிரொலிதான் கேட்டது. 2011இல் செயின்ட் லூயிஸில் என்ஹெச்எல் அரங்கில் வைத்தார்கள், பாஸ்டன் காலேஜும் கொலராடோ காலேஜும் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்த ஊரில் யார் வருவார்கள்? கடைசியில் ஃபார்கோவும் சூ ஃபால்ஸும்தான் மிஞ்சின, ஏனென்றால் எங்கள் ஆட்கள் எப்படியும் வருவார்கள் என்ற நம்பிக்கை.

2021இல் அதே ஃபார்கோவில் டுலூத்தோடு ஐந்து ஓவர்டைம் ஆடினோம். 142 நிமிடம் 13 விநாடி, என்சிஏஏ வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம், நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது, 3-2 என்று தோற்றோம். கொரோனா காலம், கூட்டம் அளவாகத்தான் உள்ளே விட்டார்கள், நான் வீட்டில் இருந்தேன். என் அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தவர் ஒவ்வொரு பீரியடுக்கும் எழுந்து வந்து "இன்னுமா?" என்று கேட்டார். அந்த ஆட்டம் எங்கள் ரால்ஃப் எங்கெல்ஸ்டாட் அரங்கில், பதினோராயிரம் பேரோடு நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் அந்த ரீஜனலில் முதல் சீட். உங்கள் முறைப்படி அங்கேதான் நடந்திருக்கும்.

பள்ளத்தாக்கு_முரளி

ஒரு நடைமுறைக் கேள்வி. சீட் பார்த்து ஞாயிறு இரவு இடம் முடிவானால், நாலு நாளில் அரங்கைத் தயார் செய்ய முடியுமா? வளாக அரங்குகளில் ஏப்ரலுக்கு முன்பே ஐஸை எடுத்துவிட்டு வேறு நிகழ்ச்சி வைக்கும் இடங்கள் உண்டு. மான்காட்டோ மாதிரி நகர அரங்கில் ஆடும் அணிகளுக்கு அந்த வாரம் வேறு யாராவது முன்பதிவு செய்திருப்பார்கள். எட்டு இடத்துக்கு டிவி வண்டி போக வேண்டும். ரிங்கின் அளவே வேறு வேறு, சில இடத்தில் அகலம் 85 அடி, சில இடத்தில் 100 அடி வரை. கார்னெலின் லைனா அரங்கில் 4,267 இருக்கைதான், சில இடங்களில் இரண்டாயிரத்துக்கும் கீழே.

டென்வர்_தாமரை

பெண்கள் போட்டி, பேஸ்பால் எல்லாம் இதே நாலைந்து நாளில்தான் நடக்கின்றன முரளி சார். தகுதி பெற வாய்ப்புள்ள கல்லூரிகள் பிப்ரவரியிலேயே அரங்கைப் பிடித்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கள் கான்பரன்ஸ் காலிறுதியைச் சில வாரம் முன்பு அதே அரங்கில்தானே நடத்துகிறார்கள்.

லைனாவில் 4,267 பேர் என்றால் 4,267 பேரும் கத்துவார்கள்.

பழைய_ரிங்க்

இன்னொரு யோசனை. பெண்கள் பாஸ்கெட்பாலில் 2023 முதல் நாலு ஊருக்குப் பதில் இரண்டே ஊரில், ஊருக்கு எட்டு அணி என்று வைக்கிறார்கள். நமக்கு அது புதிதில்லை. 1992 முதல் 2002 வரை 12 அணிகள், இரண்டே ரீஜனல், ஊருக்கு ஆறு அணி. அதற்கு முந்தைய 80களில் வளாகத்தில்தான் தொடர் ஆட்டங்கள் நடந்தன, 1992க்கு முந்தைய மூன்று வருடம் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிப்பவர் மேலே போவார். அணிகளை 16 ஆக்கி 2003இல் நாலு ஊராகப் பிரித்தபோதுதான் கூட்டம் நீர்த்துப்போனது. முதல் சுற்று எட்டு வளாகங்களில், மீதி எட்டு அணிகள் கிழக்கில் ஒரு ஊர், மேற்கில் ஒரு ஊர் என்று வந்தால் வாணியின் வூஸ்டரும் இருக்கும், முரளியின் ஆலன்டவுனுக்கும் முறை வரும், ஜெயித்த அணியின் ரசிகர்களுக்குப் பயணத்துக்கு ஒரு வாரம் அவகாசமும் கிடைக்கும்.

வூஸ்டர்_வாணி

இரண்டாம் சுற்று பொது இடம் என்றால் என் எதிர்ப்பு பாதி குறையும். பயிற்சியாளர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம், கிழக்கில் பலருக்கு இதில் விருப்பமில்லை. எனக்கும் முழு மனசில்லை. ஆனால் 2025இல் ஒஹாயோவில் டொலீடோவில் ரீஜனல் இறுதியில் மோதியது யார்? பாஸ்டன் யூனிவர்சிட்டியும் கார்னெலும்! இரண்டு கிழக்கு அணிகள், என் வீட்டிலிருந்து இரண்டுமே காரில் போகும் தூரம், ஆட்டம் நடந்தது பதினோரு மணி நேரத் தொலைவில். பாஸ்டன் யூனிவர்சிட்டி ஓவர்டைமில் 3-2. என் தம்பி கார்னெலில் படித்தவன், போக முடியவில்லை. அன்று அவன் முகம் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் வூஸ்டரை நடத்துவது ஹோலி கிராஸ். அவர்கள் தகுதி பெறுவது அபூர்வம், அதனால் அங்கே யாருக்கும் வீட்டுச் சாதகம் இருப்பதில்லை, கூட்டமும் வருகிறது. அப்படிப்பட்ட இடங்களை என்ன முறை வந்தாலும் விடக் கூடாது.

பள்ளத்தாக்கு_முரளி

நடத்தும் கல்லூரி நாலாவது சீட்டாக வந்தால் வேறு ரீஜனலுக்கு அனுப்பலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தால் நான் எதிர்க்க மாட்டேன். மெய்ன் ரசிகர்கள் அன்று எட்டு ஒன்பது மணி நேரம் காரில் வந்து, தோற்றபின் எங்கள் ஊர்க் கடையில் சாப்பிட்டுவிட்டு, அமைதியாகக் கிளம்பினார்கள். அவர்களோடு பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் இரண்டாம், மூன்றாம் சீட் என்றால் அவர்கள் இடத்தில் ஆடட்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் போட ஆளே இருக்காது.

மீனா_கே

இவ்வளவையும் படித்த பிறகு ஒன்று கேட்கிறேன். கிளார்க்சன் 2026இல் தகுதி பெற்றால் ஆல்பனியில் ஆட வாய்ப்பு உண்டா? போட்ஸ்டாமிலிருந்து நாலு மணி நேரம்தான், மாமனார் மாமியாரையும் கூட்டிப் போகலாம்.

பழைய_ரிங்க்

உண்டு, ஆனால் உறுதி இல்லை. முதல் சீட்டுகளைத்தான் முடிந்தவரை பக்கத்தில் வைப்பார்கள், மற்றவர்களை எண் வரிசைப்படி பொருத்துவார்கள், ஒரே கான்பரன்ஸ் அணிகள் முதல் சுற்றில் மோதாமல் மாற்றுவார்கள். லவ்லேண்டுக்கும் போகலாம். ஹோட்டல் எடுப்பதானால் ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள் அம்மா.

பனிக்காட்டான்

நான் சூ ஃபால்ஸுக்கு மகளோடு போவதாக முடிவு செய்துவிட்டேன், மினசோட்டா வந்தாலும் வராவிட்டாலும். நாலு மணி நேரம். இரண்டு நாளும் இருப்போம், இறுதி ஆட்டம் யார் யாருக்கு இடையே நடந்தாலும் சரி. மூன்றாம் வரிசை, நீங்களும் வருகிறீர்களா?

மூன்றாம்_வரிசை

வருகிறேன் அண்ணா. எங்கள் அணியின் பச்சைச் சட்டையில்தான் வருவேன், உங்கள் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.